செண்பகனூர்ப் பூச்சியும் ஃபிஜித் தென்னையும்

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் தங்குகிறவர்கள் காலையில் ஏரிக்குத்தான் கிளம்புவார்கள். நான் செண்பகனூருக்கு பஸ் ஏறினேன். மலைப்பாதையில் இறங்கி வரும்போது கண்ணில் படாமல் போய்விடும் அந்த ஊரை, பூச்சியியல் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். உலகெங்கும் ஆய்வகங்களிலும் பள்ளிகளிலும் வளர்க்கப்படும் ‘இந்தியக் குச்சிப்பூச்சி’ இங்கே பிடிக்கப்பட்டவற்றின் வம்சம்.

இயேசு சபையினர் 1895-ல் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். செடியும் பாம்பும் பூச்சியுமாக இந்த மலையில் கிடைத்ததையெல்லாம் சேகரித்த சாமியார்கள் அவர்கள். இங்கிருந்து போன குச்சிப்பூச்சிக்கு 1901-ல் சினெத்தி என்பவர் அறிவியல் பெயர் வைத்தார்; இன்று அது காரௌசியஸ் மோரோசஸ். பகலில் முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு சுள்ளியாகக் கிடக்கும், இரவில்தான் மேயும். ஆண் கிடைப்பது அபூர்வம். பெண் துணையில்லாமலே நூற்றுக்கணக்கில் முட்டையிடும், பொரிந்து வருவதும் பெண்களே. வளர்ப்பதற்கு இதைவிடச் சுலபமான பிராணி எது? ஆறு கால்களும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் நடப்பது எப்படி என்று இதைப் பார்த்துத்தான் ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ரோபோ செய்தார்கள்.

நாயுடுபுரத்து டீக்கடை அம்மாவிடம் போனில் படத்தைக் காட்டினேன். “இதுவா? வேலியில கிடக்கும் தம்பி. ஒண்ணும் பண்ணாது.”

இங்கே பண்ணாதுதான். வளர்ப்பிலிருந்து தப்பி கலிபோர்னியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வேரூன்றிய இதே பூச்சி, அங்கே தோட்டச் செடிகளைக் கடிக்கிறது.

இதன் பசிபிக் உறவு இன்னும் பொல்லாதது. ஃபிஜி, சமோவா, டோங்கா தீவுகளின் கிரேஃபியா குரௌவானி தென்னையிலேயே குடியிருக்கிறது. அரைச் சாண் நீளப் பெண்பூச்சி இரவில் ஓலையின் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். ஈர்க்கு மட்டும் மிஞ்சும். கூட்டம் பெருகினால் மட்டைகள் துடைப்பக் கட்டுகளாக நிற்கும், காய்ப்பு விழும், மரமே பட்டுப்போவதும் உண்டு. 1903 முதல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஃபிஜிக்குக் கப்பலேறிய நம்மவர்களுக்குத் தென்னை பழைய சொந்தம். இந்தப் பூச்சி அவர்களுக்குப் புதிது. மருந்தடிக்க ஆளை மரமேற்றுவது ஆகிற காரியமில்லை. முட்டைகள் தரையில் உதிர்வதால், தோப்பின் அடிப்புதரை வெட்டிச் சுத்தமாக வைப்பதே உருப்படியான யோசனை என்று எனக்குப் படுகிறது. முட்டைக்குள் முட்டையிட்டு அழிக்கும் குட்டிக் குளவிகளும் அங்கே உண்டு.

கொடைக்கானல் உயரத்தில் தென்னை கிடையாது. வத்தலக்குண்டுக்கு இறங்கினால் தோப்புகள் தொடங்குகின்றன. வழியில் நின்ற இடத்தில் ஒரு தோப்புக்காரரிடம் ஃபிஜிக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவருடைய மரங்களின் கீழ்மட்டைகள் கரிபூசியதுபோல் இருந்தன: 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயின் வேலை. அதன் தேன்கழிவில் கரும்பூஞ்சை படர்கிறது.

“குச்சி அங்கேயே இருக்கட்டும் சார்,” என்றார். “இந்த ஈயைத் தின்ன ஏதாச்சும் குளவி இருந்தா சொல்லுங்க.”

இருக்கிறது. என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி. பூச்சிமருந்து அடித்தால் அதுவும் செத்துவிடும் என்றேன். அவர் வரப்பில் கிடந்த தெளிப்பானைப் பார்த்தார்.