ராத்திரி 2.10

21 ஜூலை 2025, திங்கள்

ஞாயிறு முழுக்க ஷேர்பாயின்ட் ஓட்டை தின்றுவிட்டது. பேட்ச் போட்டாச்சு மேடம், வீட்டுக்குப் போகலாமா என்கிறான் தம்பி. மெஷின் கீ மாத்தினியா என்று கேட்டதும் முகம் விழுந்துவிட்டது. பேட்சுக்கு முன்னாலேயே கீயை எடுத்துப் போனவன் பேட்சுக்குப் பிறகும் வருவான். ராத்திரி பதினொன்று வரை இருவரும் உட்கார்ந்தோம். பாவம், சாப்பிடவில்லை அவன்.

கம்பெனி செக்ரட்டரி போன். ஆகஸ்ட் 7 போர்டு. ஐடென்டிட்டி செக்யூரிட்டிக்கு இருபது நிமிஷம். நானே பேசலாம், ஐ.டி. ஹெட் வழியாக வேண்டாமாம். போனை வைத்ததும் தனியாகச் சிரித்தேன். அப்புறம் வயிற்றைப் பிசைந்தது.

குதிகால். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்க முடியவில்லை.

22 ஜூலை, செவ்வாய்

பிபிசியில் கேஎன்பி கதை. இங்கிலாந்து லாரிக் கம்பெனி. 158 வருஷம். 500 வண்டி. யாரோ ஓர் ஊழியரின் பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே வந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். கம்பெனியே மூடிப்போய் 700 பேருக்கு வேலை இல்லை.

அது உன் பாஸ்வேர்டுதான் என்று அந்த ஊழியரிடம் இன்றுவரை சொல்லவில்லையாம் டைரக்டர். இதையே நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லாதது சரிதான். சாயங்காலம், சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

முதல் ஸ்லைடில் இதைப் போடலாமா. எம்.டி.யின் அப்பா, பெரியவருக்கு, 158 வருஷம் என்றால் சுருக்கென்று இருக்கும்.

24 ஜூலை, வியாழன். ஆடி அமாவாசை

பாதி ஆபீஸ் காலி. வீட்டில் இவரும் தர்ப்பணம் முடித்துவிட்டு லேட்டாகத்தான் வேலைக்குப் போனார்.

எம்.எஃப்.ஏ., அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் ரெண்டாவது சரிபார்ப்பு. அதற்கான விலக்குப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். பதினோரு பெயர். முதலில் பெரியவர். அடுத்து எம்.டி. அப்புறம் எம்.டி.யின் செக்ரட்டரி. காரணம் என்ற பத்தியில் எல்லோருக்கும் ஒரே சொல்: தற்காலிகம். தேதி 2022.

ஷாப் ஃப்ளோரில் ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒவ்வொரு தடவையும் போனை எடுத்து நம்பர் அடிக்கிறார். எண்ணெய்க் கையோடு. பேங்க் பேமென்ட்டுக்கு அப்ரூவல் கொடுக்கிறவருக்கு வெறும் பாஸ்வேர்டு.

25 ஜூலை, வெள்ளி

தம்பியை விட்டு ஹெல்ப் டெஸ்க்குக்கு போன் பண்ணச் சொன்னேன். 'எம்.டி. ஆபீஸ்லேர்ந்து பேசறேன், ஏர்போர்ட்ல இருக்கார், பாஸ்வேர்டு மறந்துட்டார், அவசரம்.' அந்தப் பையன் எம்ப்ளாயி நம்பர் மட்டும் கேட்டான். ஐ.டி. கார்டில் முன்பக்கமே அச்சடித்திருக்கிற நம்பர். ரீசெட் கிடைத்துவிட்டது. கூடவே 'ஹேவ் எ சேஃப் ஃப்ளைட்' வேறு.

எம்.ஜி.எம். கேசினோவுக்கு 2023 செப்டம்பரில் ஹெல்ப் டெஸ்க் போனில்தான் ஆரம்பம். 10 கோடி டாலர் பாதிப்பு. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்கு இந்த ஏப்ரலில். ஆள்மாறாட்டம், வெளி வெண்டர் வழியாக. லாபத்தில் 30 கோடி பவுண்டு அடி என்று கணக்குச் சொன்னார்கள். எங்கேயும் யாரும் எதையும் உடைக்கவில்லை. கேட்டார்கள், கொடுத்தார்கள்.

பையன் மேல் கோபம் வரவில்லை. எம்.டி. ஆபீஸ் என்றால் எதிர்க்கேள்வி கேட்கக்கூடாது என்று நாம்தானே பழக்கினோம்.

27 ஜூலை, ஞாயிறு

வீட்டிலிருந்து சர்வீஸ் அக்கவுன்ட் லிஸ்ட். யாருடையது என்று தெரியாத வரிசை நீளம். ஒன்றுக்கு விவரம் என்ற இடத்தில் 'தொடாதே' என்று மட்டும்.

அதற்குக் கீழே, பழைய கம்ப்யூட்டர் பிரிவு ஈடிபி சார் பெயர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அவரேதான். டொமைன் அட்மின். பாஸ்வேர்டு எக்ஸ்பைரி கிடையாது. கடைசி லாகின்: இன்று, ராத்திரி 2.10.

2021 மே. ரெண்டாவது அலை. ஜூமில் அவருக்கு அஞ்சலி வைத்தோம். யாருக்கும் கேமரா போட மனசில்லை.

பேக்கப் ஸ்கிரிப்ட் என்று அரைமணியில் கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் காலத்தில் அவர் பெயரிலேயே ஓட விட்டிருக்கிறார். தினம் ராத்திரி 2.10க்கு வருகிறார். வேலையை முடித்துவிட்டுப் போகிறார்.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

28 ஜூலை, திங்கள்

அவருடைய நேரடி லாகினை அடைத்தாச்சு. அந்த ஒரு சர்வரில் மட்டும்தான் ஓடும். முழுசாக எடுக்க பேக்கப்பை வேறு அக்கவுன்ட்டுக்கு மாற்ற வேண்டும். மூன்று வாரம் என்கிறான் தம்பி.

சி.எஃப்.ஓ.விடம் ஒத்திகை. நாலாவது ஸ்லைடில் கையைத் தூக்கிவிட்டார். 'ஜீரோ டிரஸ்ட், பாம், ஐஜிஏ... இதெல்லாம் எனக்கே தூக்கம் வருது. ரூபாயில சொல்லுங்க.' எரிச்சல். ஆனால் அவர் சொல்வது சரி.

கம்யூனிகேஷன்ஸ் பையன் இன்னும் மோசம். வாட்ச்மேன், பூட்டு, சாவிக்கொத்து படம் போட்டு ஒரு ஸ்லைடு அனுப்பியிருக்கிறான். எடுத்துவிட்டேன். ஐம்பது வருஷம் ஃபேக்டரி நடத்தினவர்களுக்கு எதற்கு பொம்மைப் படம்.

குதிகால் இன்று பரவாயில்லை.

30 ஜூலை, புதன்

ரூபாய்க் கணக்கு. கொலோனியல் பைப்லைன், 2021 மே. யாரும் உபயோகிக்காத ஒரு பழைய விபிஎன் அக்கவுன்ட். எம்.எஃப்.ஏ. இல்லை. பாஸ்வேர்டு ஏற்கெனவே டார்க் வெப்பில் கசிந்த பட்டியலில் இருந்தது. கப்பமாகக் கொடுத்தது 75 பிட்காயின், ஏறக்குறைய 44 லட்சம் டாலர். அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போகிற எரிபொருளில் கிட்டத்தட்ட பாதி அந்தக் குழாயில்தான் போகிறது.

சேஞ்ச் ஹெல்த்கேர், 2024 பிப்ரவரி. ஒரு ரிமோட் லாகின் வாசல், எம்.எஃப்.ஏ. இல்லை. கப்பம் 2.2 கோடி டாலர். தாய்க் கம்பெனி சி.இ.ஓ. அமெரிக்க நாடாளுமன்றத்தில் போய் ஒப்புக்கொண்டார்.

மைக்ரோசாஃப்ட்டுக்கே ஒரு பழைய டெஸ்ட் அக்கவுன்ட். எம்.எஃப்.ஏ. இல்லை.

எம்.எஃப்.ஏ. இல்லை. எம்.எஃப்.ஏ. இல்லை. எம்.எஃப்.ஏ. இல்லை.

நம் டேட்டா சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. ஊடுருவல் தெரிந்த ஆறு மணிநேரத்தில் அரசின் செர்ட்-இன்னுக்குத் தகவல் சொல்லணும். இவற்றை ஒரே ஸ்லைடில் அடைத்தேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது.

லாக் பார்த்தேன். 2.10. வந்திருக்கிறார்.

1 ஆகஸ்ட், ஆடி வெள்ளி

எம்.டி. கூப்பிட்டார். விலக்குப் பட்டியல் ஸ்லைடை எடுத்துவிடச் சொன்னார். 'போர்டுக்கு அவ்வளவு டீடெயில் வேண்டாம்.' சரி சார் என்றேன். அப்பாவுக்கு இந்த போன், நம்பர் எல்லாம் இப்போது வேண்டாம், ஆடியில் புதுசாக எதையும் ஆரம்பிக்க மாட்டார் என்றார். ஆவணியில் பார்க்கலாமாம்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். திருடனுக்கு ஆடி, ஆவணி உண்டா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காததே நல்லது.

கோயிலில் கூழ் வாங்கிக் குடித்தேன். நல்ல வெங்காயம்.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

எலுமிச்சை சாதம், புளியோதரை, தேங்காய் சாதம். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்லைடு பார்த்தாள். 'செத்துப்போனவர் அக்கவுன்ட் எப்படிம்மா ஓடும்?' என்று கேட்டாள். ஓடும் என்றேன். கம்ப்யூட்டருக்குப் பெயர் மட்டும்தான் தெரியும், ஆளைத் தெரியாது.

சொன்ன பிறகு அதையே எழுதி வைத்துக்கொண்டேன். முப்பது ஸ்லைடில் இந்த ஒரு வரி இல்லை.

ஈடிபி சாரைப் போர்டில் சொல்லலாமா? கூடாது. அவர் வீட்டம்மா இன்னும் பென்ஷன் விஷயமாக ஆபீசுக்கு வருகிறார்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

இருபது நிமிஷம் பன்னிரண்டு ஆகிவிட்டது. ரிசல்ட் டிஸ்கஷன் நீளுமாம்.

சொல்லலாம் என்று தோன்றுகிறது. அவர் இருந்தால் முதலில் அவரே சொல்லியிருப்பார். மனுஷன் ஃப்ளாப்பி காலத்திலேயே ரிஜிஸ்டர் போட்டு கையெழுத்து வாங்கினவர்.

இது என் சௌகரியத்துக்கு நானே சொல்லிக்கொள்கிற சமாதானமா?

6 ஆகஸ்ட், புதன்

டிரம்ப் இன்னொரு 25 சதவீதம் போட்டுவிட்டார். மொத்தம் 50. ராத்திரி ஒன்பது மணிக்கு கம்பெனி செக்ரட்டரி மெசேஜ்: நாளை டாரிஃப்தான் பேச்சு, உங்களுக்கு ஏழு நிமிஷம், மன்னிக்கவும்.

மேஜையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். குதிகாலில் ஆணி இறங்கியது.

பத்து மணிக்கு எல்லா ஸ்லைடையும் தூக்கினேன். ஒன்று மட்டும் மிச்சம். லாக்கிலிருந்து ஒரே வரி: பெயர், தேதி, நேரம். நாளைக் காலை எடுத்து ஒட்ட வேண்டும்.

7 ஆகஸ்ட், வியாழன்

முடிந்தது. ஞாபகம் இருக்கும்போதே எழுதணும்.

உள்ளே கூப்பிட்டபோது எல்லோர் முகத்திலும் டாரிஃப். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்லைடைப் போட்டேன். 'ஈடிபி சார் இன்னைக்கு ராத்திரி 2.10க்கு லாகின் பண்ணியிருக்கார் சார்' என்றேன். குரல் நடுங்கியது.

யாரும் பேசவில்லை. ஏ.சி. சத்தம். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்லைடைப் பார்த்தார். 'அவன் போய் நாலு வருஷமாச்சேம்மா.' கொஞ்சம் விட்டு, 'அப்போ வந்தது யாரு?'

இத்தனை நாள் ஸ்லைடு ஸ்லைடாக நான் தேடினது அந்தக் கேள்வியைத்தான். அவரே கேட்டுவிட்டார். 'எங்க ஸ்கிரிப்ட்தான் சார், பார்த்துட்டோம். ஆனா இந்தப் பாஸ்வேர்டு வேற ஆள் கையில இருந்திருந்தாலும் லாக்ல இதே பேர்தான் வந்திருக்கும். இந்தப் பேர்ல வர்றது அந்த ஆள்தானா, அவருக்கு இன்னும் இங்க வேலை இருக்கா, அவர் தொட வேண்டியதை மட்டும்தான் தொடறாரா. இந்த மூணையும் தினம் கேட்கிறதுதான் சார் எங்க வேலை.'

போர்டில் இருக்கிற ஆடிட்டர் மேடம் பேனாவை எடுத்தார். ரெண்டாவது சரிபார்ப்பு இல்லாத அக்கவுன்ட்டுகள் யாருடையவை என்று கேட்டார். எம்.டி. என்னையே பார்த்தார். ஸ்லைடில் இல்லை, ஆனால் கேள்வி வந்துவிட்டது. 'பதினோரு பேர் மேடம். நாலு பேர் இந்த அறையில இருக்காங்க.'

சிலர் சிரித்தார்கள். எம்.டி. தண்ணீர் குடித்தார்.

ரெண்டு நிமிஷம் கூடுதலாகவே ஓடியது. அப்புறம் டாரிஃப்.

வெளியே வந்து தம்பிக்கு காபி வாங்கிக் கொடுத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு லேசாக இருந்தது.

8 ஆகஸ்ட், வெள்ளி. வரலட்சுமி விரதம்

லேசெல்லாம் போய்விட்டது. செத்தவர் பெயரை வைத்துக் காரியம் சாதித்தேன். கலசத்துக்கு முன்னால் உட்கார்ந்தும் அதே நினைப்பு. நோன்புச் சரடு கட்டும்போது இவர் 'என்ன யோசனை?' என்றார். 'ஒன்றுமில்லை, ஆபீஸ்.'

எம்.டி. லிஃப்டில் பார்த்தும் பேசவில்லை.

11 ஆகஸ்ட், திங்கள்

டிராஃப்ட் மினிட்ஸ் வந்தது. என் பகுதிக்கு ஒரே வரி: 'போர்டு நோட் செய்தது.' அவ்வளவுதான். டாரிஃபுக்கு ரெண்டு பக்கம்.

கதவைச் சாத்திக்கொண்டு திட்டினேன்.

மூன்று மணிக்கு ஆடிட்டர் மேடம் மெயில். வரியை மாற்றச் சொல்லிவிட்டாராம். அடுத்த காலாண்டிலிருந்து ரிஸ்க் கமிட்டியில் நிரந்தர அஜெண்டா. விலக்குப் பட்டியல் பெயரோடு, காரணத்தோடு, முடியும் தேதியோடு வரணும். மூன்று தடவை படித்தேன்.

18 ஆகஸ்ட், திங்கள். ஆவணி 2

காலை ஒன்பதுக்கே பெரியவர் கூப்பிட்டார். போனை நீட்டினார். திரையில் வந்த ரெண்டு இலக்கத்தைச் சரியாக அடித்தார், பதறவில்லை. 'இதை ஏம்மா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?' மெயில் மேல் மெயில் அனுப்பியிருக்கிறேன். அவர் மெயிலைப் படிப்பது செக்ரட்டரி. அவர் பாஸ்வேர்டும் செக்ரட்டரியிடம்தான். சொன்னேன். 'அப்போ நீ எழுதினதுக்கெல்லாம் பதில் போட்டது அவளா?' என்று கேட்டுவிட்டு, புதுப் பாஸ்வேர்டை அங்கேயே தானே போட்டார். என்னைத் திரும்பிக்கொள்ளச் சொன்னார். சந்தோஷமாகத் திரும்பிக்கொண்டேன்.

பட்டியலில் இப்போது ஏழு. எம்.டி. பெயர் இன்னும் இருக்கிறது. கேட்டால் ஃபேஸ் டூ என்கிறார்.

பேக்கப் நேற்று முதல் புது அக்கவுன்ட்டில். ஈடிபி சார் அக்கவுன்ட்டை மூட தம்பி பட்டனில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நீயே பண்ணு என்றேன். பண்ணிவிட்டான். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டிருந்தது, போய்ச் சாப்பிட்டோம்.

எச்.ஆரோடு சண்டை பாக்கி. வேலையை விட்டுப் போகிறவர்களின் நோ ட்யூஸ் ஃபாரத்தில் கேன்டீனுக்குக் கட்டம் உண்டு, ஸ்டோர்ஸுக்கு உண்டு, சேஃப்டி ஷூவுக்குக்கூட உண்டு. லாகினுக்கு இல்லை. ஒரு கட்டம் போடுங்கள் என்றால் டாகுமென்ட் கன்ட்ரோல் அப்ரூவல் வேண்டும், ரிவிஷன் நம்பர் ஏறும், ஐ.எஸ்.ஓ. ஆடிட்டில் கேட்பார்கள் என்கிறார்கள்.

ஏறட்டும். நாளை பதினோரு மணிக்கு நேரிலேயே போய் உட்காரப் போகிறேன். கட்டம் போடாமல் எழுந்திருக்கிறதாக இல்லை. புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போகணும், குதிகாலுக்கு மெத்தென்று.