நட்பு விசிப்பலகை

தந்தையை இழந்து மீண்ட விடுதித் தோழர்க்கு யாம் ஒரு நாழிகை ஆறுதல் மொழிந்தோம். அவர் ஒன்றும் உரையாது எழுந்து சென்றார்.

பின்னர் ஜிம்பாப்வே நாட்டுச் செய்தியொன்று கற்றோம். மனநோய் மருத்துவர் டிக்சன் சிபாண்டாவிடம் வரப் பேருந்துக் கட்டணமின்றி, அவர்தம் நோயாளியான இளம்பெண் ஒருத்தி உயிர் மாய்த்துக்கொண்டாள். அத்துயரால் அவர் 2006-ஆம் ஆண்டில் ஹராரே நகரத்து ம்பாரேயில் பாட்டிமார் 14 பேரைப் பயிற்றி, மருத்துவ நிலைய முற்றத்தில் விசிப்பலகையிட்டு அமர்த்தினார். "மனநல விசிப்பலகை" எனின் எவரும் வாராரென்று, அப்பாட்டிமாரே அதற்கு "நட்பு" என்னும் பெயரைச் சூட்டினர். மருத்துவர் வழங்கும் பெயரை விடுத்து, மிகுதியாய் எண்ணுதல் எனப் பொருள்படும் "குஃபுங்கிசிசா" என்னும் ஷோனாச் சொல்லையே வழங்கினர், முதற்கண் செவிகொடுத்தனர்.

யோபுவின் நண்பரும் ஏழு நாள் வாளாவிருந்து, பேசத் தொடங்கிய பின்னரே பிழைசெய்தனர். யாமோ முதல் நாளே பேசினோம்.

அன்று மாலை தோழரருகே சென்று அமர்ந்தோம், ஏதும் வினவினோமில்லை. இருள் பரவியபின் அவரே தம் தந்தையின் பெயரைச் சொன்னார்.