ஊவைப் படித்தவர்கள்

ஃப்ரெட்ரிக் பேக்மனின் 'எ மேன் கால்ட் ஊவ' நாவலைப் படித்த நண்பர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "இது அப்படியே எங்க அப்பா!" 2012-இல் சுவீடனில் வந்த கதை. 59 வயது ஊவ மனைவியை இழந்தவர். காலையில் குடியிருப்பைச் சுற்றிவந்து யார் விதி மீறினார்கள் என்று பார்ப்பார். சாப் கார் தவிர வேறு காரை மதிக்கமாட்டார். நண்பர் ரூனே வோல்வோ வாங்கியதைக்கூடப் பொறுத்துக்கொண்டவர், பிஎம்டபிள்யூ வாங்கியதும் பேச்சையே நிறுத்திக்கொள்கிறார். இதைப் படித்துச் சிரிக்காதவர் யார்?

எனக்குத் தொண்டை அடைத்தது வேறோர் இடத்தில். மனைவி சோன்யா தனக்குத் தெரியாமல் சூட்டைக் கூட்டிவிட்டாளா என்று ஊவ வீட்டின் ஹீட்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். அவள் இறந்து ஆறு மாதமாகிவிட்டது. அந்தப் பத்தியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஊவின் தற்கொலை முயற்சிகளை நகைச்சுவையோடு எழுதியது தவறு என்று சிலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. அப்படி ஒரு இழப்பைக் கண்டவர்களுக்கு அந்தப் பக்கங்கள் வலிக்கும்; புத்தகத்தைப் பரிந்துரைக்கும்போது நான் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் "எல்லாம் எதிர்பார்த்தபடியே நடக்கிறது" என்ற குறையை என்னால் ஏற்க முடியவில்லை. ஈரானில் பிறந்த, கர்ப்பிணியான அண்டைவீட்டுக்காரி பர்வானே அவர் கதவை மறுபடி மறுபடி தட்டுகிறாள். கார் ஓட்டக் கற்றுக்கொடு, மருத்துவமனைக்குக் கூட்டிப்போ என்கிறாள். ஆறுதல் சொல்லாமல் வேலை கொடுக்கிறாள். துக்கத்தில் இருப்பவரை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட பாத்திரத்தை நான் அதிகம் படித்ததில்லை.