ஜெய்ப்பூர் கால்: பட்டறையிலிருந்து நடைவரை

ஜெய்ப்பூர் கால் 1960களின் இறுதியில் ராஜஸ்தானில் உருவான செயற்கைக்கால். ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பியல் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து இதை வடிவமைத்தார்கள். சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. பாதத்துக்குக் கையால் உருக்கொடுத்த சர்மாவின் பெயர் அந்த அளவுக்கு வெளியே தெரியாமல் போனது நியாயமே இல்லை.

அதற்கு முன் கிடைத்த மேல்நாட்டுப் பாதங்கள் ஷூவுக்குள் போட்டுக்கொள்வதற்காகச் செய்யப்பட்டவை. கணுக்கால் மடங்காது. குந்தி உட்காரவோ சம்மணம் போடவோ வெறுங்காலோடு சேற்றில் இறங்கவோ வழியில்லை. விவசாயிக்கு அது கூடுதல் சுமையாகத்தான் இருந்தது. ஜெய்ப்பூர் பாதத்தின் குதிகாலும் முன்பாதமும் ஸ்பாஞ்சு ரப்பர். கணுக்கால் பகுதி மரக்கட்டை. இவற்றின்மேல் டயர் நூலும் தோல்நிற ரப்பரும் சுற்றி, அலுமினிய அச்சில் பூட்டி, சூடேற்றி இறுக வைக்கிறார்கள். வெளியே எடுக்கும்போது விரல்களோடு கூடிய முழுப் பாதம் கிடைக்கும். எல்லாப் பக்கமும் வளைந்துகொடுப்பதால் மேடுபள்ளத்திலும் ஊன்றி நிற்கும்.

பாதத்தை முன்கூட்டியே செய்து வைக்கலாம். சாக்கெட்டை, அதாவது மிச்சக்கால் போய் உட்காரும் குழியை, ஒவ்வொருவருக்கும் தனியாகத்தான் செய்ய வேண்டும். பட்டறையில் நின்று பார்த்ததில் எனக்கு மிக நுட்பமாகப் பட்டது இந்த அளவெடுப்புதான். மிச்சக்காலில் மெல்லிய உறை மாட்டி, அதன்மேல் அழியாப் பென்சிலால் குறி போடுகிறார் மிஸ்திரி. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநார் பாரம் தாங்கும் இடம். கணுக்காலுக்குப் போகும் முன்னெலும்பின் விளிம்பும் வெளிப்புறச் சிற்றெலும்பின் தலையும் அழுத்தம் படக்கூடாத இடங்கள். ஈரமான மாவுக்கட்டைச் சுற்றியதும் பென்சில் குறி அதன் உட்புறத்தில் அப்படியே பதிந்துவிடும். அந்தக் கூட்டுக்குள் மாவை ஊற்றி வார்த்த உருவில், பாரம் தாங்கும் இடத்தை அரத்தால் சற்றுக் குறைக்கிறார்கள். நோகும் இடத்தில் மாவு வைத்துக் கூட்டுகிறார்கள். பிறகு தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் கெட்டி பிளாஸ்டிக்கை அடுப்பில் இளக்கி, உருவின்மேல் இழுத்து ஒட்டவைத்தால் சாக்கெட் தயார்.

இவ்வளவு கவனத்துக்குக் காரணம் உண்டு. அசையாமல் நிற்பதாகத் தோன்றும்போதும் உடல் லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. சிறிய ஆட்டத்தைக் கணுக்கால் தசைகளும் பெரிய ஆட்டத்தை இடுப்பும் சரிக்கட்டுகின்றன. கால் போனவருக்கு ஒரு பக்கக் கணுக்கால் இல்லை. நடக்கும்போது உடலை முன்னே தள்ளும் கெண்டைச்சதை இல்லை. உள்ளங்கால் தரும் சேதியும் இல்லை. சாக்கெட்டுக்குள் மிச்சக்கால் உணரும் அழுத்தம்தான் இனி தரையைப் பற்றி மூளைக்குச் சொல்லும். சாக்கெட் தளர்ந்தால் தோல் புண்ணாவதோடு சமநிலையும் கெடுகிறது.

அடுத்த வேலை இரண்டு இணைக் கம்பிகளுக்கு நடுவே. கம்பியைப் பிடித்தபடி பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிப் பழகுவது முதல் பாடம். செயற்கைக்காலை நம்பிப் பாரம் முழுவதையும் அதன்மேல் போடத்தான் பலருக்கும் பயம். மிஸ்திரி நடையைப் பார்த்தே குறையைக் கண்டுபிடிக்கிறார். காலை வெளிப்பக்கம் வட்டமடித்து வீசினால் நீளம் கூடிவிட்டதோ என்று பார்ப்பார்; உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்தால் நீளம் குறைவோ என்று பார்ப்பார். கழற்றி, சரிசெய்து, மறுபடி நடக்கச் சொல்வார்.

இந்தக் காலோடு நடை மட்டுமல்ல, நடனமும் சாத்தியம். 1981இல் திருச்சிக்கு அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பின் வலது காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு மீண்டும் பரதநாட்டிய மேடை ஏறினார்.

1975இல் டி. ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி, இந்தக் காலை இலவசமாகவே பொருத்துகிறது. பொருத்தியதோடு வேலை முடிவதில்லை. மிச்சக்கால் நாளடைவில் சூம்பும்போது சாக்கெட்டை மாற்ற வேண்டும். ரப்பர் தேய்ந்தால் பாதத்தை மாற்ற வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு உயரம் கூடக் கூடப் புதுக்கால் வேண்டும்.