ஒரு லிட்டர் ஜலத்தின் கனம்

கனெக்டிகட் நதி லாங் ஐலண்டு நீர்ப்பரப்பில் வந்து கலக்கும் சேப்ரூக் கரையிலே, 1775-ஆம் ஆண்டில், யேல் கல்லூரியில் படித்த டேவிட் புஷ்னெல் என்னும் அமெரிக்கர், தம் சகோதரரின் உதவியோடு, ஒருவர் மட்டும் அமரக்கூடிய மரத்தாலான நீர்மூழ்கி ஒன்றைக் கட்டினார். ‘ஆமை’ என்று பெயர் பெற்ற அந்த விசித்திரப் படகு, மறு ஆண்டில் நியூயார்க் துறைமுகத்தில் ‘ஈகிள்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைத் தாக்கச் சென்று, காரியம் கைகூடாமல் திரும்பிய கதையையே சரித்திர நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. எனக்கோ, காலால் அழுத்தித் திறக்கும் வால்வின் வழியே ஜலத்தை உள்ளே விட்டு அமிழ்வதும், கையால் இயக்கும் இரண்டு பித்தளைப் பம்புகளால் அதை வெளியேற்றி எழுவதும், ஆபத்து நேர்ந்தால் அடியிலுள்ள 200 பவுண்டு ஈயத்தைக் கீழே இறக்கிவிட்டு உடனே மேலே வருவதுமான அதன் ஏற்பாடுதான் பெரிய அற்புதமாகப் பட்டது. அந்த நதிக்கரையிலேயே ஒருவர் தம் சொந்தக் கொட்டகையில் நீர்மூழ்கி கட்டி வருகிறார் என்று கேள்வியுற்று, எஸெக்ஸ் ஊரின் அருங்காட்சியகத்தில் ஆமையின் மாதிரியைப் பார்த்த கையோடு அவரிடம் சென்றேன்.

அவர் கப்பல் தளத்தில் பற்றவைப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; அவருடைய சகோதரியின் மகன் கடைசல் பட்டறையில் தொழில் செய்பவன். எஃகு உடல் அப்போதே முடிந்திருந்தது. 1,600 லிட்டர் ஜலத்தை விலக்கக்கூடிய, 60 மீட்டர் ஆழத்தை உத்தேசித்த அந்த உடலின் பற்றவைப்புத் தழும்புகளை நான் வியந்து தடவிப் பார்த்தபோது, “அது பலத்தின் விஷயம், பலத்தைக் கணக்கிட்டு வாங்கிவிடலாம். கஷ்டமெல்லாம் கனத்தில்தான்” என்று சொல்லி, அவர் என்னைப் படகின் அடிப்பக்கத்துக்கு அழைத்துச் சென்றார்.

இரு பக்கங்களிலும் இருந்த பெரிய தொட்டிகள் மெல்லிய தகட்டால் ஆனவை. அவற்றின் அடி திறந்தே இருப்பதால் உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகிவிடுகிறது. ஆகவே கனத்த தகடு வேண்டியதில்லை. உச்சியிலுள்ள வால்வைத் திறந்தால் காற்று போய் ஜலம் நிறையும். சிலிண்டர்க் காற்றைச் செலுத்தினால் ஜலம் அடிவழியே வெளியேறும். 12 லிட்டர் கொள்ளும் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்த காற்று, மேற்பரப்பில் 2,400 லிட்டராக விரியுமென்றாலும், 60 மீட்டர் ஆழத்தில் ஏழு மடங்கு அழுத்தத்துக்குள் ஏறத்தாழ 340 லிட்டராகச் சுருங்கிவிடும் என்பதை மனத்தில் வைத்தே, அந்தத் தொட்டிகள் இரண்டும் சேர்ந்து 250 லிட்டருக்கு மேற்படாமல் அமைத்திருந்தார்.

ஆனால் இவை மிதக்கவும் அமிழவும் மட்டுமே உதவுபவை. நீரின் நடுவே நிற்பதற்கு வேண்டியது வேறு. முற்றும் மூழ்கிய படகு, பொன் நிறுக்கும் தராசைப் போல, ஒரு லிட்டர் ஜலம் மிகுந்தாலும் இறங்கிக்கொண்டே போகும், குறைந்தாலும் ஏறிக்கொண்டே போகும். இதற்காக ஆசனத்தின் கீழே, கடலின் முழு அழுத்தத்தையும் தாங்கும்படி கனத்த எஃகில், 60 லிட்டர் கொள்ளும் சிறு தொட்டி ஒன்று இருந்தது. அந்த அளவு ஏன் என்று வினவினேன். நதியின் நன்னீரில் 1,600 கிலோ எடையோடு அமிழும் படகு, லிட்டருக்குச் சுமார் 1.025 கிலோ கனக்கும் கடல்நீரில் அமிழ வேண்டுமானால் இன்னும் 40 கிலோ பாரம் ஏற்க வேண்டும் என்றும், மிச்சம் ஆளுக்கு ஆள் உடம்பின் எடை மாறுவதற்காக என்றும் விளக்கினார். இந்த முகத்துவாரத்தில் உப்பு ஜலம் ஆப்புப் போல நதியின் அடியிலே புகுந்து வருவதால், மேலேயுள்ள நன்னீரில் சரியாக எடை கட்டிய படகு, கீழே உப்பு ஜலத்தைத் தொட்டதும் தரை தட்டியதைப் போல நின்றுவிடும் என்றும் சொன்னார். தொட்டி பாதி நிறைந்திருக்கும்போது ஜலம் முன்னுக்கு ஓடி மூக்கை மேலும் தாழ்த்திவிடாதபடி, அதைப் படகின் நடுவிலே வைத்து, உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடுகளையும் பொருத்தியிருந்தார்.

அந்தத் தொட்டியின் பம்பு மருமகன் கடைந்தது. 60 மீட்டரில் வெளியிலிருந்து ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஆறு கிலோ அழுத்தம் எதிர்க்கிறது. படகுகளின் அடியில் தேங்கும் ஜலத்தை இறைக்கும் சாதாரணச் சுழல் பம்பு, சில மீட்டர் உயரத்துக்கு மட்டுமே தள்ளவல்லதாகையால், அங்கே வீணாகச் சுழலும். பிஸ்டன் பம்பே தகும். இவன் தேர்ந்தது இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவு. அதைத் தள்ள ஏறக்குறைய 30 கிலோ பலம் வேண்டும். ஐந்துக்கு ஒன்றான நெம்புகோல் அதை ஆறு கிலோவாக்குகிறது. குறுக்களவை இரட்டித்திருந்தால் ஒரு தள்ளலுக்கு நான்கு மடங்கு ஜலம் போகும், ஆனால் நான்கு மடங்கு பலமும் கேட்கும். குளிரிலும் பயத்திலும் இருப்பவனுடைய கை அதற்கு இசையாது. இப்போது 20 லிட்டரை வெளியேற்ற ஏறத்தாழ 400 தள்ளல்கள், நிதானமாகச் செய்தால் பத்து நிமிஷம். நானும் ஒரு வாளி ஜலத்தை, வால்வை ஒடுக்கி எதிர்ப்பை உண்டாக்கி, இறைத்துப் பார்த்தேன். தோள் வலித்ததே தவிர மூச்சு முட்டவில்லை.

மின்சாரப் பம்பு இரண்டே நிமிஷத்தில் முடித்துவிடுமே என்பது மருமகனின் வாதம். “போட்டுக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கைப்பம்புக்குத் தனிக் குழாய், தனி வால்வு. ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றது அதோடு சேர்ந்து சாகக்கூடாது” என்றார் மாமா. இந்த ஒரு நியதியிலேதான் இத்தொழிலின் தர்மம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. காற்றுச் சிலிண்டர், கைப்பம்பு, உள்ளிருந்தே திருகிக் கழற்றக்கூடிய அடி ஈயம் ஆகிய மூன்றும், ஒன்றின் குழாயையோ மின்சாரத்தையோ மற்றொன்று நம்பாமல், தனித்தனியே அந்த மனிதரை மேலே கொண்டுவர வேண்டும். புஷ்னெல் தம் பம்பையும் ஈயத்தையும் அப்படியே பிரித்து வைத்திருந்தார்.

முதல் பரிசோதனை நதியிலே அல்ல, ஆழமான நன்னீர் ஏரி ஒன்றிலே, ஆளில்லாமல், கயிற்றில் கட்டி 60 மீட்டருக்கும் கீழே இறக்கி நடக்கவிருக்கிறது. ஆளின் எடைக்கு ஈடாக ஆசனத்தில் வைக்க ஈயக் குண்டுகளைச் சிறு சாக்குகளில் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் கிலோ கணக்கை மருமகன் சாயத்தால் எழுதிக்கொண்டிருந்தான். படகை மேலே எடுத்ததும் பம்பைக் கழற்றி, பிஸ்டனின் ரப்பர் வளையங்களைப் பார்த்த பிறகுதான் யார் முதலில் உட்காருவது என்ற பேச்சே எடுக்கலாம் என்று மாமா சொல்லிவிட்டார்.