குதிரையும் சேணமும்

வீணையில் தந்திகள் ஏறி நிற்கும் கட்டையை நம்மவர் குதிரை என்பர். பேஸ் கிற்றாரில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சிறு உலோகத் துண்டை மேல்நாட்டார் சேணம் என்கின்றனர். குதிரை நமக்கு, சேணம் அவர்களுக்கு எனப் பங்கிட்டுக்கொண்டோம் போலும்!

1951 ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய லியோ பெண்டர் விற்பனைக்குக் கொணர்ந்த மின் பேஸ் கிற்றார் இன்று மாத்தளைக் கலியாண வீடுகளிலும் ஒலிக்கிறது. உக்குவளைக் கடையொன்றில் கணக்கெழுதும் நம் மருமகன், ஈராண்டு சேமிப்பில் பழைய கிற்றார் ஒன்றை வாங்கினான். அதன் பித்தளைச் சேணங்களில் பள்ளமே இல்லை.

"அழுத்தி மீட்டுனா தடிச்ச தந்தி பக்கமா நழுவுது மாமா. ஞாயித்துக்கிழமை இரத்தோட்டையில கச்சேரி. சரியா வாசிக்கலன்னா வேற ஆளக் கூப்பிட்டுருவாங்க" என்றான்.

மாற்றுச் சேணம் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும், அதற்கு நாளில்லை. அராவிய பித்தளையோ மீண்டும் வளராது. ஆகவே அரத்தை அவன் கையிலேயே கொடுத்து, நாம் அருகிருந்தோம்.

அத்தந்தியின் பருமன் ஓர் அங்குலத்தில் 1000க்கு 105 பங்கு. முக்கோண அரத்தால் மெல்லிய கீறலிட்டு, தந்தியின் பருமனுக்கு ஒத்த வட்ட அரத்தால் அதனை விரித்தல் வேண்டும். பாதித் தந்தி அமிழ்ந்தாற் போதும். இவற்றினும் முக்கியமானது சாய்வு. விரற்பலகையை நோக்கிய விளிம்பு உயர்ந்தும், பள்ளம் அங்கிருந்து பின்னோக்கித் தாழ்ந்தும் இருத்தல் வேண்டும். மாறிப்போனால், அதிரும் தந்தி பள்ளத்தின் அடியை உரசி இரையும், சுருதியும் பிசகும். சில தடவை அராவுவதும் தந்தியை ஏற்றிப் பார்ப்பதுமாக மாலை கழிந்தது. ஞாயிறன்று தந்தி இம்மியும் நகரவில்லை. அடுத்த கச்சேரிக்கும் அவனையே அழைத்தனர்.

விந்தை யாதெனில், கிற்றாரில் நாம் அஞ்சிய அவ்வுரசலையே தம்புரா விரும்பி அழைக்கிறது. அதன் குதிரையின் முதுகு வளைந்தது. தந்திக்கும் அம்முதுகிற்கும் இடையே ஒரு நூலைச் செருகி, ரீங்காரம் எழும்வரை நகர்த்துவர். சி. வி. இராமன் 1921 இல் இக்குதிரையை ஆராய்ந்தார். தந்தியை ஓரிடத்தில் மீட்டினால் சில மேற்சுரங்கள் எழா என்பது பழைய விதி. தம்புராவில் அவையும் எழுவதை அவர் எடுத்துக்காட்டினார். வீட்டில் தம்புரா இருப்பின், மாணவர்கள் அந்நூலைச் சற்றே இழுத்துக் கேட்கலாம். மயிரிழை நகர்விலேயே ரீங்காரம் அணையும். மீண்டும் உரிய இடத்திற்கு வந்தவுடன் எழும்.