இறந்தும் ஆயிரம் பொன்

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. யானையின் தூரத்து உறவாகப் பிறந்து, மனிதன் இந்த மண்ணில் கால் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே மறைந்துபோன ஒரு விலங்குக்கும் இம்மொழி பொருந்தும். டைனோத்தேரியம் என்பது அதன் பெயர். கிரேக்க மொழியில் 'அச்சந்தரும் விலங்கு' என்று பொருள்.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு மாணவியர் திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகத் திருவக்கரைக்குச் சென்றோம். நம் விழுப்புரம் மாவட்டத்தின் பெருமையான கல்மரப் பூங்கா அங்குதான் இருக்கிறது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தன. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல மெல்ல உட்புகுந்து அவற்றைக் கல்லாக்கிவிட்டது. கிளையில்லை, வேரில்லை. பார்த்தால் மரம், தொட்டால் கல்!

"சிஸ்டர், இந்த மரங்கள் நின்ற காலத்தில் இலைகளைத் தின்ற விலங்குகள் எவை?" என்று என் தோழி கேட்டாள்.

"மரம் இங்கே இருக்கிறது. தின்றவரை நூலகத்தில் போய்த் தேடுங்கள்" என்று சிஸ்டர் சிரித்தார்.

அப்படித் தேடியபோதுதான் டைனோத்தேரியம் எனக்கு அறிமுகமாயிற்று. அதன் எலும்புகள் கிடைத்தது நம் ஊரிலன்று. தொலைவில், குஜராத் கடலோரத்திலுள்ள பிரம் தீவில். அங்குக் கிடைத்தவற்றை ஆராய்ந்து 1845-ஆம் ஆண்டு இந்திய இனத்துக்குப் பெயரிட்டவர் ஹியூ ஃபால்கனர் என்ற அறிஞர்.

நம் யானைக்குத் தந்தம் மேல்தாடையில் வளர்கிறது. டைனோத்தேரியத்துக்கோ மேல்தாடையில் தந்தமே இல்லை. கீழ்த்தாடையிலிருந்து இரண்டு தந்தங்கள் கொக்கிபோல் கீழ்நோக்கி வளைந்திருந்தன. இதைக் கண்டு அக்கால அறிஞர்களே திகைத்தனர். இது ஆற்றில் மிதந்தபடி, தந்தத்தைக் கரையில் நங்கூரமாக ஊன்றித் தூங்கியிருக்கும் என்று 1836-இல் பக்லண்ட் என்ற ஆங்கிலப் பேராசிரியர் எழுதினார்! கிளைகளை வளைக்கவும் பட்டையை உரிக்கவும் அவை பயன்பட்டிருக்கலாம் என்பது இன்றைய கருத்து. இக்குலத்தில் பெரியவை தோள்வரை ஏறத்தாழ 4 மீட்டர் உயரம். அதை எதிர்க்கக்கூடிய விலங்கு அரிது.

பிறகு ஏன் அழிந்தது? விடை அதன் பல்லில் இருக்கிறது. யானையின் கடைவாய்ப்பல் பல தகடுகளை அடுக்கியது போன்றது. கரடுமுரடான புல்லையும் அரைக்கும். தேயத் தேயப் பின்னாலிருந்து அடுத்த பல் முன்னே வரும். ஆயுளில் மொத்தம் ஆறு தொகுதிப் பற்கள் இவ்வாறு முளைக்கும். டைனோத்தேரியத்தின் பல்லில் இரண்டு மூன்று மேடுகளே உண்டு. இளந்தழையை நறுக்க அது போதும், புல்லுக்கு உதவாது.

ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தியத் துணைக்கண்டத்தின் வடபகுதியில் காடு குறைந்து புல்வெளி பரவத் தொடங்கியது. தழையை நம்பிய டைனோத்தேரியம் அங்கே மறைந்தது. ஆப்பிரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை பிழைத்திருந்தது. அதைக் கொன்றது பகையன்று, பசி!

இதைப் படித்தபோது என் மாமாவை நினைத்துக்கொண்டேன். அவர் தாளவாடிப் பக்கம் கரும்பு பயிரிடுகிறார். ஒருமுறை யானைகள் புகுந்து விளைந்த கொல்லையை மிதித்துவிட்டன. "உனக்கென்னம்மா, நீ பார்ப்பது புத்தகத்து யானை. என் ஒரு வருஷப் பாடு ஒரு ராத்திரியில் போச்சு" என்றார். அவர் கண்ணில் நீர் இருந்தது. நான் பதில் பேசவில்லை. டைனோத்தேரியத்தின் கதையைச் சொன்னதும் சற்று நேரம் யோசித்தார். "அதுக்குத் தின்ன இல்லாமப் போச்சா? இதுக்கும் அதே பாடுதானே" என்றார். நட்டம் நட்டம்தான், ஆனாலும் அவர் குரலில் கோபம் தணிந்திருந்தது.

யானைக் குலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் தோன்றி மறைந்துவிட்டன. இன்று எஞ்சியவை மூன்றே: ஆசிய யானை ஒன்று, ஆப்பிரிக்க யானை இரண்டு. அன்று காடு சுருங்க லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆயின. இன்று நம் ஓர் ஆயுளுக்குள்ளேயே சுருங்குகிறது. யானைக்குக் காடும் அதன் வழித்தடமும், மாமாவைப் போன்ற உழவருக்குத் தக்க இழப்பீடும் கிடைத்தால் இருவரும் வாழலாம்.

இறந்த யானைக்கும் ஆயிரம் பொன் உண்டு. ஆனால் அருமைத் தோழியரே, நம் பிள்ளைகளுக்கு நாம் இருக்கும் யானையையே காட்ட வேண்டாமா?